சிவப்புத் துருவும் கறுப்புத் துருவும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் மிக அதிகமான உயிர்களைக் குடித்த சண்டை, 1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க்கில் நடந்தது. சண்டை ஓய்ந்ததும் களத்தில் கிடந்த துப்பாக்கிகளைச் சேகரித்து எண்ணினார்கள். மொத்தம் 27,574. அவற்றில் ஏறக்குறைய 24,000 துப்பாக்கிகளில் மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே இருந்தன. சுமார் 12,000 துப்பாக்கிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை கெட்டித்திருந்தது. சில ஆயிரங்களில் மூன்று முதல் பத்து முறை. ஒரு துப்பாக்கியில் மட்டும் 23 முறை. புகையும் இரைச்சலும் சூழ்ந்த அந்த இடத்தில், கடைசியாக விசையை இழுத்தபோது தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்றுகூடத் தெரியாமல் ஒருவர் மறுபடியும் மறுபடியும் மருந்தைப் போட்டு இடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அந்தக் காலத்து ரைஃபிள்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் அமெரிக்க வீடுகளில் இருக்கின்றன. பரணிலும் கொட்டகையிலும் கிடந்து துருவேறிய துப்பாக்கி ஒன்று பேரனின் கைக்கு வரும். அந்நாட்டின் 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டம், 1898-ஆம் ஆண்டிலும் அதற்கு முன்பும் தயாரானவற்றைத் தொன்மைப் பொருள்களாகத் தனியே பிரித்து வைத்திருக்கிறது. அதனால் அங்கே வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்து பழைய ரைஃபிளைச் சீர்செய்வது தச்சுவேலைபோல, கடிகாரப் பழுதுபோலப் பரவலான ஒரு கைத்தொழிலாகிவிட்டது. அந்தப் பட்டறை மேசையின் மேல் நடப்பதில் பெரும்பங்கு வேதியியல். அதைப் புரிந்துகொண்டு தொட்டால் துப்பாக்கி பிழைக்கும். புரியாமல் தொட்டால், நூற்றைம்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்த பொருள் ஒரு மாலை நேரத்தில் பாழாகும்.

முதலில் கம்பி

துருவைப் பார்ப்பதற்கு முன், குழலுக்குள் மருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் கெட்டித்தபடியே சுவரில் மாட்டப்பட்டிருப்பது இன்றும் நடக்கிறது. கரிமருந்து என்பது ஏறத்தாழ நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்ந்த கலவை. மூன்றுமே நிலையான பொருள்கள். ஒன்றையொன்று தானாகத் தின்பதில்லை, காற்றில் கெடுவதில்லை. ஈரம் பட்டால் வெடியுப்பு கரையும். காய்ந்தால் மறுபடி படிகமாகும். எனவே நூறு ஆண்டு தாண்டிய கரிமருந்தும் ஒரு பொறிக்குக் காத்திருக்கக்கூடிய மருந்துதான்.

சோதிக்கும் முறை எளிது. மெல்லிய மரக்கம்பி ஒன்றைக் குழல் வாயின் வழியாக அடிவரை விட்டு, வாய்விளிம்பு வரும் இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறார்கள். பிறகு அதே கம்பியைக் குழலுக்கு வெளியே பக்கவாட்டில் வைத்து, கோட்டை வாய்விளிம்போடு பொருத்திப் பார்க்கிறார்கள். கம்பியின் மறுமுனை, கேப் எனப்படும் சிறு பற்றவைப்பு மூடியை மாட்டும் காம்பின் பக்கத்தில் வந்து நின்றால் குழல் காலி. இரண்டு மூன்று விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்போது வேலை அங்கேயே நிற்க வேண்டும். துப்பாக்கி பயிற்சிபெற்ற கைக்குப் போக வேண்டும்.

என்ஃபீல்டு என்ற ரைஃபிள்

இனி ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியை மேசையில் வைத்துக்கொள்வோம். 1853 மாதிரி என்ஃபீல்டு. 39 அங்குலக் குழல், .577 அங்குல உள்விட்டம், குழலையும் கட்டையையும் இறுக்கும் மூன்று இரும்புப் பட்டைகள், வால்நட் மரக் கட்டை, பித்தளையில் அடித்தகடும் விசைக்காப்பும் முனைமூடியும். உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் இங்கிலாந்திலிருந்து இதை லட்சக்கணக்கில் வாங்கின. அமெரிக்காவின் சொந்தத் தயாரிப்பான ஸ்பிரிங்ஃபீல்டு 1861-க்கு அடுத்தபடியாக அந்தப் போரில் அதிகம் புழங்கியது இதுதான்.

நம் பள்ளி வரலாற்றுப் பாடத்திலும் இந்த ரைஃபிள் வருகிறது. 1857-இல் வங்காளப் படையின் சிப்பாய்கள் சந்தேகித்த, கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா இந்த என்ஃபீல்டுக்கு உரியது. அந்தக் கொழுப்பு பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற கேள்வி ஒரு பேரெழுச்சிக்குத் தீப்பொறியாயிற்று. கொழுப்பு எதற்கு என்ற கேள்வியைப் பாடப்புத்தகம் பெரும்பாலும் கேட்பதில்லை. பதில் கரிமருந்தின் வேதியியலில் இருக்கிறது.

கரிமருந்து எரிந்தால் முழுவதும் வாயுவாகிப் போய்விடுவதில்லை. 1870-களில் ஆண்ட்ரூ நோபிள், ஃபிரடெரிக் ஏபெல் என்ற இருவர் மூடிய கலத்துக்குள் கரிமருந்தை எரித்து, மிஞ்சுவதை அளந்தார்கள். எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே நின்றது. பொட்டாசியம் கார்பனேட்டும் பொட்டாசியம் சல்பேட்டும்தான் அதில் முக்கியம்; கூடவே பொட்டாசியம் சல்ஃபைடு. ஒவ்வொரு முறை சுடும்போதும் இந்தக் கசடு குழலின் உட்சுவரில் படிந்து இறுகும். நான்கைந்து முறை சுட்ட பிறகு அடுத்த குண்டு உள்ளே இறங்க மறுக்கும். தோட்டாவில் தடவிய கொழுப்பும் தேன்மெழுகும் அந்தக் கசடை இளக வைத்து, குண்டு வழுக்கி இறங்க வழிசெய்தன.

குண்டிலும் ஒரு நுட்பம் உண்டு. மென்மையான ஈயத்தாலான அந்தக் குண்டு, குழலின் உள்விட்டத்தைவிடச் சற்றுச் சிறியது. அதனால் வாய்வழியாகச் சுலபமாக இறங்கியது. அதன் அடிப்பகுதி குழிவு. மருந்து வெடிக்கும்போது வாயுவின் அழுத்தம் அந்தக் குழிவை விரிக்க, ஈயம் குழலின் வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறும். பிரான்சின் மினியே உருவாக்கிய இந்த முறையே ரைஃபிளை எல்லாச் சிப்பாய்க்கும் உரிய ஆயுதமாக்கியது. அந்த வரிப்பள்ளங்களின் மூலைகளில்தான் கசடு ஒளிந்துகொள்ளும். பழைய குழல்களில் துரு மிக ஆழமாகத் தின்றிருப்பதும் அங்கேதான்.

உப்பு குடிக்கும் தண்ணீர்

பொட்டாசியம் கார்பனேட்டுக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 43 சதவீதத்தைத் தாண்டினாலே அது காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். நமக்கு வறண்டதாகத் தோன்றும் அறையில்கூட இவ்வளவு ஈரம் சாதாரணமாக இருக்கும். ஆக, சுட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்த குழலின் உட்சுவர் இரவோடு இரவாக உப்புநீர்ப் படலம் பூசிக்கொள்கிறது. இரும்பு, நீர், ஆக்சிஜன், நீரில் மின்னோட்டத்தைக் கடத்தும் உப்பு என்று துருவுக்கு வேண்டிய நான்கும் ஓரிடத்தில் சேர்ந்துவிடுகின்றன.

அந்தக் காலத்துச் சிப்பாய்க்கு இதற்கு மருந்து தெரியும்: தண்ணீர். இரும்புக்குப் பகை என்று நாம் நினைக்கும் அதே தண்ணீர். கசடில் உள்ள உப்புகள் அனைத்தும் நீரில் கரைபவை, எண்ணெயில் கரையாதவை. சுடுநீரை ஊற்றினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அது சல்ஃபைடு நீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாவதன் அடையாளம். நாற்றம் நிற்கும்வரை கழுவி, குழல் சூட்டிலேயே தானாகக் காய்ந்ததும் எண்ணெய் பூசினால் போதும். முதலில் நீர், பிறகு எண்ணெய் என்ற வரிசையில்தான் முழு ரகசியமும் இருக்கிறது.

1886-இல் பிரான்சின் லெபெல் ரைஃபிளோடு புகையற்ற மருந்து வந்தது. கரிமருந்தின் கசடு ஒழிந்தது, இனிக் குழல் சுத்தமாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசி வைத்த குழல்கூடச் சில நாட்களில் துருவேறியது. புகையற்ற மருந்திலிருந்து கசியும் அமிலமே காரணம் என்று பலர் நம்பினார்கள். அமிலத்தை முறிக்கக் காரக் கரைசல்கள் கடைக்கு வந்தன. அவற்றில் சில பலனளித்தன. பலனளித்தது காரம் அல்ல, அதில் கலந்திருந்த தண்ணீர்தான் என்று அப்போது யாரும் கவனிக்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப். 1922-இல் வெளியான ஆய்வறிக்கையில் அவர் உண்மையான குற்றவாளியைக் காட்டினார். தோட்டாவின் அடியில் இருக்கும் சிறு பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. அது வெடிக்கும்போது ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மாறுகிறது. நம் சமையல் உப்பின் நெருங்கிய உறவு அது. குழல் முழுதும் மெல்லிய தூளாகப் படியும் அந்த உப்பு எண்ணெயில் கரையாது. மேலே எண்ணெய் பூசினால் அது உப்பை மூடும், போக்காது. எண்ணெய்ப் படலத்தின் ஊடாகவும் ஈரம் மெதுவாக இறங்கும். உப்பு அதைக் குடிக்கும். எண்ணெய்க்கு அடியிலேயே துரு வளரும்.

கரிமருந்துக் காலத்திலும் கேப்புகளில் குளோரேட் இருந்தது. அன்று அது ஏராளமான கசடோடு கலந்து கிடந்தது. கசடைக் கழுவத் தண்ணீர் ஊற்றியபோது குளோரைடும் சேர்ந்து போனது. புகையற்ற மருந்து வந்ததும் கழுவும் பழக்கம் போனது. உப்பு மட்டும் தங்கிவிட்டது. 1920-களின் கடைசியில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் குளோரேட் இல்லாத பற்றவைப்பு மருந்துகள் விற்பனைக்கு வந்தன. ஆனால் நெடுநாள் சேமிப்பில் கெடாது என்பதால் அமெரிக்க ராணுவம் தன் முக்கிய ரைஃபிள் தோட்டாக்களில் இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் குளோரேட்டையே வைத்திருந்தது. அந்தப் போர்க்காலத் தோட்டாக்களால் சுடப்பட்ட எத்தனையோ குழல்களின் உட்புறம் குழிகுழியாக இருப்பதற்குக் காரணம் இது.

இரண்டு நிறம், இரண்டு குணம்

துரு என்று ஒரே பெயரில் நாம் சொல்வது பல சேர்மங்களின் கூட்டம். சிவப்பாகவோ மஞ்சள் கலந்த பழுப்பாகவோ தெரிவது இரும்பின் ஹைட்ராக்ஸைடு வகை. அது பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் உப்பி, பொரிந்து, உதிர்ந்துவிடும். அதன் நுண்துளைகள் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஒரு துரு அடுத்த துருவுக்கு வழிவிடும். கறுப்பு நிறத்தில் இருப்பது மேக்னடைட் என்ற ஆக்ஸைடு. அது அடர்த்தியானது. இரும்போடு இறுகப் பற்றி நிற்கும். எண்ணெயைத் தன்னுள் தாங்கிக்கொள்ளும். ஓரளவுக்கு இரும்பின் கவசமாகவும் இருக்கும்.

பழைய துப்பாக்கிக் கொல்லர்கள் இந்த வேறுபாட்டை வேதியியல் பெயர்கள் தெரியாமலேயே பயன்படுத்தினார்கள். என்ஃபீல்டு குழலின் கருநீல மெருகு துருவினால் ஆனது. இரும்பைப் பளபளப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளியும் இல்லாமல் போக்கி, மிதமான அமிலக் கரைசலை மெல்லப் பூசி ஈரமான பெட்டிக்குள் தொங்கவிடுவார்கள். சில மணி நேரத்தில் வெல்வெட் துணிபோல மெல்லிய சிவப்புத் துரு சீராகப் படரும். அந்தக் குழலைக் கொதிநீரில் அமிழ்த்தினால் கண்ணெதிரே நிறம் மாறும். சிவப்பு பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகும். ஹைட்ராக்ஸைடு மேக்னடைட்டாக மாறும் தருணம் அது. மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்தால் தளர்ந்த கருந்தூள் போய், அடியில் சாம்பல் படர்ந்த கறுப்பு தங்கும். இதையே பல முறை திரும்பச் செய்தால் ஆழமான நீலக்கறுப்பு கிடைக்கும். தேய்த்து உதிர்ந்த கருந்தூளின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால் தூள் எழுந்து ஒட்டிக்கொள்ளும். சிவப்புத் துருவிடம் அந்தக் குணம் கிடையாது.

வீட்டுப் பட்டறைக்காரருக்கு இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பழைய குழலில் சிவப்புத் துரு பிடித்திருந்தால் உப்புத்தாளைத் தேட வேண்டியதில்லை. மரக்கட்டையிலிருந்து குழலைக் கழற்றி, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க வைத்தாலே சிவப்பின் பெரும்பகுதி கறுப்பாக மாறும். தளர்ந்ததை மென்மையாகத் துடைத்தெடுத்தால் போதும். மீதி இருக்கும் பழைய மெருகு அப்படியே பிழைக்கும். இரும்பில் பொறித்த முத்திரைகளும் பிழைக்கும். குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு: அதிலுள்ள குளோரைடும் கால்சியமும் புதிய புள்ளிகளை விட்டுச் செல்லும்.

கடைகளில் கிடைக்கும் சூடான காரக் கரைசல் முறையைப் பழைய என்ஃபீல்டுக்குக் கொண்டுவருவது பெரும் பிழை. அது இருபதாம் நூற்றாண்டின் முறை. கொதிக்கும் அந்தக் காரம் வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்றைத் தின்றுவிடும். என்ஃபீல்டின் பின்குறிக் காட்டி அப்படிப்பட்ட பற்றினால்தான் குழலோடு ஒட்டியிருக்கிறது. வெறும் கொதிநீர் நூறு டிகிரியைத் தாண்டாது, பற்று உருகாது.

எந்தத் துப்பாக்கிக்கு எந்த மெருகு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டு 1861 தொழிற்சாலையை விட்டு வரும்போதே அதன் குழல் வெள்ளை இரும்பாகப் பளபளத்தது. அதற்கு நீல மெருகு ஏற்றுகிறவர் துப்பாக்கியைச் சீர்செய்யவில்லை. இல்லாத ஒரு வரலாற்றை அதன்மேல் எழுதுகிறார்.

சின்னத் திருகாணிகளிலும் விசை நாண்களிலும் காணும் பளீர் நீலம் முற்றிலும் வேறு கதை. அது துருக் கறுப்பு அல்ல, வெப்பம் தந்த நிறம். மெருகேற்றிய எஃகை மெல்லச் சூடாக்கினால் 230 டிகிரி அளவில் வைக்கோல் நிறமும், பிறகு ஊதாவும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமும் தோன்றும். மேலே உருவாகும் ஆக்ஸைடு படலம் அவ்வளவு மெல்லியது. அதன் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் காட்டுகின்றன. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். நிறமியே இல்லாத நிறம் அது. அதனால்தான் ஒருமுறை உப்புத்தாள் பட்டால் போதும், நீலம் போய்விடும்.

ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு துளை

உள்நாட்டுப் போருக்குப் போன என்ஃபீல்டுகளில் பெரும்பாலானவை பர்மிங்ஹாமிலும் லண்டனிலும் இருந்த ஒப்பந்தப் பட்டறைகளில் கையால் பொருத்தப்பட்டவை. அரசின் என்ஃபீல்டு தொழிற்சாலை அமெரிக்காவிலிருந்து எந்திரங்களை வரவழைத்து, எந்த உதிரிப்பாகமும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் முறைக்கு 1850-களின் பிற்பகுதியில் மாறியது. ஒப்பந்தப் பட்டறைகள் மாறவில்லை. அங்கே ஒவ்வொரு திருகாணியும் அதற்கென்று அரத்தால் தேய்த்துப் பொருத்தியது. கழற்றிப் பார்த்தால் திருகாணியின் உடலிலும் அது சேரும் தகட்டிலும் ஒரே மாதிரியான சிறு கீறல்கள் தெரியும். இன்ன திருகாணி இன்ன துளைக்கு என்று தொழிலாளி தனக்காக வைத்துக்கொண்ட அடையாளம் அது. கழற்றும்போதே ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி எழுதி வைக்காதவர், மறுபடி பொருத்தும்போது நூற்றைம்பது வருடத்துத் திருகுமரையை நாசமாக்கிவிடுவார்.

திருப்புளியிலும் கவனம் வேண்டும். வீட்டில் இருக்கும் சாதாரணத் திருப்புளியின் நுனி இரு பக்கமும் சரிந்து வரும். பழைய திருகாணியின் வெட்டு குறுகலாக, நேரான சுவர்களோடு இருக்கும். சரிந்த நுனியை அதில் வைத்து முறுக்கினால், விசையின் ஒரு பகுதி நுனியை மேல்நோக்கித் தள்ளும். நுனி வழுக்கி, வெட்டின் விளிம்பைக் கிழிக்கும். துப்பாக்கிக் கொல்லர்கள் நுனியின் இரு பக்கத்தையும் இணையாகத் தேய்த்து, வெட்டை முழுதாக நிரப்பும்படி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

பித்தளைத் தகட்டை இறுக்கும் இரும்புத் திருகாணிதான் மிகவும் அடம்பிடிக்கும். இரு உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் பித்தளை பிழைக்கும், இரும்பு கரையும். அப்படிப் பிடித்த திருகாணிக்கு வலு உதவாது. மெல்லிய எண்ணெயை விட்டு, திருகுமரைகளின் நுண்ணிடுக்குகளில் அது தானாக ஏறும்வரை நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். சூடேற்றுவதும் ஆறவிடுவதுமாகச் செய்தால் திருகாணி நூறு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிந்து சுருங்கும். அந்தச் சிறு அசைவே துருவின் பிடியை நொறுக்கும்.

மரத்துக்கும் நினைவு உண்டு

கட்டையில் விழுந்த பள்ளத்தைப் பார்த்ததும் உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்து மட்டப்படுத்தத் தோன்றும். அப்படிச் செய்தால் ஆய்வாளரின் முத்திரை அழியும். உலோகத் தகடுகள் மரத்தைவிட மேலே எழுந்து நிற்கும். கட்டை ஒல்லியாகும். ஒன்றும் திரும்பாது.

பள்ளத்தில் மரநார் பெரும்பாலும் அறுந்திருக்காது, நசுங்கியிருக்கும். மரச்செல்களின் சுவர்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் சூட்டிலும் ஈரத்திலும் இளகும். செல்லுலோஸ் நீரை ஏற்று உப்பும். ஈரத் துணியைப் பள்ளத்தின்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் தொட்டால், நீராவி உள்ளே புகுந்து நசுங்கிய செல்கள் பழைய வடிவத்துக்கு எழும். ஆழமான பள்ளம்கூட நான்கைந்து தடவையில் தோலின் தழும்பளவுக்குச் சுருங்கிவிடும். கத்தி அறுத்த வெட்டு மட்டும் எழாது; அறுந்த நார் சேராது.

மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீர்போல உலர்வதில்லை. அதன் கொழுப்பமிலங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று கோத்துப் படலமாகின்றன. அந்த வினை வெப்பத்தை வெளியிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறி, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றி எரியும். பட்டறைகள் இதனால் எரிந்திருக்கின்றன. துணியைத் திறந்தவெளியில் விரித்து உலர்த்த வேண்டும், அல்லது தண்ணீரில் ஊறப்போட வேண்டும்.

நிறுத்தத் தெரிந்த கை

உப்பை வெளியேற்று, சிவப்பைக் கறுப்பாக்கு, ஈரத்தைத் தடு. இரும்பைக் காப்பாற்றும் வேலை முழுவதையும் இப்படிச் சுருக்கலாம். பெரிய பாதுகாப்புக் கூடங்களில் நடப்பதும் இதே கொள்கையில்தான். 1864 பிப்ரவரியில் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிய எச்.எல். ஹன்லி என்ற நீர்மூழ்கியை 2000-இல் கடலிலிருந்து எடுத்தார்கள். அதன் இரும்புக்குள் ஊறிய குளோரைடை வெளியே இழுக்க, சோடியம் ஹைட்ராக்ஸைடு கரைசல் நிரம்பிய தொட்டியில் அதை ஆண்டுக்கணக்காக ஊறவைத்திருக்கிறார்கள். குளோரைடு உள்ளே இருக்கும்வரை அது இரும்போடு சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து துருவை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

இதே குளோரைடோடு போராடிய ஒரு கூடம் நம் ஊரிலும் இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கியது. அங்கே எஸ். பரமசிவன், அரிப்பு பிடித்த செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் காப்பாற்றினார். உலோகம் வேறு, எதிரி ஒன்றே. நம் ஊரில் கடுக்காய்ச் சாற்றோடு இரும்பைச் சேர்த்து மை தயாரித்தவர்களுக்குத் தெரிந்த கறுப்பும் இந்த வேலைக்கு வருகிறது. கடுக்காயின் டானின் இரும்போடு சேர்ந்து உருவாக்கும் கருநிறச் சேர்மத்தை, துருவேறிய இரும்பை நிலைப்படுத்த அருங்காட்சியகங்கள் பயன்படுத்துகின்றன.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது மட்டுமல்ல, அதைப் பழுதுபார்ப்பதும் குற்றம். பாட்டனார் வைத்திருந்த துப்பாக்கி பரணில் கிடைத்தால் அதைத் தேய்க்கவும் கழற்றவும் தொடங்காதீர்கள். முதலில் காவல் நிலையத்தில் தெரிவியுங்கள். அமெரிக்காவிலும் பழைய ரைஃபிளைச் சீர்செய்கிறவர்களில் விவரம் அறிந்தவர்கள் அதைச் சுடுவதற்காகச் சீர்செய்வதில்லை. நசுங்கிய, அரித்த, கசடில் ஊறிய பழைய இரும்பு எந்த அழுத்தத்தில் பிளக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

துப்பாக்கியைத் தொடாதவர்கள் வீட்டிலும் பழைய இரும்பு இருக்கும். அரிவாள்மணை, பூட்டு, தையல் மெஷின், தராசு, கடைசல் கருவி. அவற்றில் துருவைப் பார்த்ததும் உப்புத்தாளை எடுக்காதீர்கள். உப்பு இருந்தால் முதலில் சுடுநீரில் கழுவி முற்றிலும் உலர்த்துங்கள். உதிரும் சிவப்பை மட்டும் துடையுங்கள். இறுகி நிற்கும் கறுப்பை விட்டுவிடுங்கள். மேலே மெல்லிய எண்ணெய் போதும். பழைய இரும்பின் மேல் இருக்கும் கறுப்பு அதன் அழுக்கல்ல, அதன் தோல். ஒருமுறை உரித்துவிட்டால் அதைத் திரும்பக் கொடுக்க எந்தக் கொல்லராலும் முடியாது.